150 மி.மீ. சுவரும் ஒரு கணினி மாதிரியும்: கான்கிரீட்டில் எறிபொருள் மோதும் சிமுலேஷன் தவறிய இடம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்புலம்

குழாய் இணைப்புகளும் வால்வுகளும் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், செய்து முடித்த பாகங்களுக்குள் காற்றை 200 பார் அழுத்தம் வரை ஏற்றிக் கசிவு பார்க்கும் சோதனைக் கூடம் இருந்தது. தண்ணீரைக் கொண்டு அழுத்தம் ஏற்றும்போது உள்ளே தேங்கும் ஆற்றல் சிறிது. காற்றை ஏற்றும்போது அது பல மடங்கு. திறந்த முனையை அடைக்கும் எஃகு பிளக் மரை தேய்ந்து கழன்றால், அது ஓர் எறிபொருளாகவே பாயும். பிளக்கின் எடை 2 கிலோ, விட்டம் 60 மி.மீ., முகம் தட்டையானது. கழன்ற பின்னும் கால் மீட்டர் தூரத்துக்கு முழு அழுத்தம் அதைத் தள்ளுகிறது என்று பாதுகாப்பை முன்னிட்டுச் சற்று மிகையாகவே வைத்துக் கணக்கிட்டால், அதன் வேகம் விநாடிக்கு 120 மீட்டரை எட்டும். இயக்க ஆற்றல் ஏறத்தாழ 14 கிலோஜூல்.

பிளக் நோக்கியிருந்த திசையில் 150 மி.மீ. கனமுள்ள, இரு முகத்திலும் கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் நின்றது. அதன் அமுக்க வலிமை 35 மெகாபாஸ்கல். சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளித்தான் அழுத்தமானியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் இரண்டு தொழிலாளர்கள் நிற்பார்கள். இந்தச் சுவர் போதுமா என்று கேட்டுத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பொறியாளர் ஒரு பொறியியல் கல்லூரியை அணுகினார். முதுநிலை ஆராய்ச்சி மாணவி ஒருவர் தம் வழிகாட்டியின் மேற்பார்வையில் கணினி மாதிரியை உருவாக்கினார். அறிக்கை தொழிற்சாலைக்குப் போகுமுன் அதைச் சரிபார்க்கும் வெளி மதிப்பாய்வாளராக நான் இதில் சேர்ந்தேன். எனவே நான் நேரில் கண்டவையும், மாணவியின் குறிப்பேட்டிலிருந்து தெரிந்துகொண்டவையும் இதில் கலந்திருக்கின்றன.

முதல் மாதிரி

மாணவி எல்எஸ்-டைனா என்ற மோதல் கணக்கீட்டு மென்பொருளைப் பயன்படுத்தினார். பொருளை எலிமெண்ட் எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரித்து அது கணக்கிடும்; அந்தக் கட்டங்களின் வலைக்கு மெஷ் என்று பெயர். கான்கிரீட்டுக்கு 1993-இல் ஹோம்குவிஸ்ட், ஜான்சன், குக் ஆகியோர் முன்வைத்த ஹெச்.ஜே.சி. மாதிரியைத் தேர்ந்தார். அந்தத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதிவேக மோதலில் கான்கிரீட் அடையும் பேரழுத்தத்தையும், துளைகள் நசுங்கி அது இறுகுவதையும், திரிபு (உருமாற்றத்தின் அளவு) வேகமாக ஏறும்போது வலிமை கூடுவதையும், படிப்படியான சேதத்தையும் ஒரே சட்டகத்தில் எழுதும் மாதிரி அது. 48 மெகாபாஸ்கல் கான்கிரீட்டுக்கு அதன் எல்லா மாறிலிகளும் அச்சில் கிடைக்கின்றன.

மாதிரியைச் சரிபார்க்க அவர் எடுத்துக்கொண்டது, ஹான்சாக், ஃபாரஸ்டால், யங், எர்காட் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட துளைப்புச் சோதனைகள். இத்துறையில் புதிதாக மாதிரி செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் தொடும் தரவு அது. 610 மி.மீ. சதுரமும் 178 மி.மீ. கனமும் உள்ள கம்பி கட்டிய பலகைகளின் மேல், அரை கிலோ எடையும் 25.4 மி.மீ. விட்டமும் கொண்ட கூர்மூக்கு எஃகு எறிபொருளை வெவ்வேறு வேகத்தில் செலுத்தி, மறுபுறம் வெளிவரும்போது எஞ்சியிருந்த வேகத்தை அளந்தார்கள். 48 மெகாபாஸ்கல் பலகையில் விநாடிக்கு 301 மீட்டரில் மோதிய எறிபொருள் உள்ளேயே நின்றுவிட்டது. 360 மீட்டரில் மோதியது 67 மீட்டரோடும், 381-இல் மோதியது 136-ஓடும், 434-இல் மோதியது 214-ஓடும், 749-இல் மோதியது 615-ஓடும், 1058-இல் மோதியது 947 மீட்டரோடும் வெளியேறின.

மாணவி கடைசி இரண்டு வேகங்களை மட்டும் தேர்ந்தெடுத்தார். எறிபொருள் விரைவில் வெளியேறிவிடுவதால் கணக்கு சீக்கிரம் முடியும் என்பதும், எறிபொருள் நின்றுவிடும் கணக்குகள் நீண்டு, சிதைந்த எலிமெண்டுகளால் இடையில் முறிந்துவிடும் என்பதும் அவர் குறிப்பேட்டில் எழுதிய காரணங்கள். 749 மீட்டருக்கு மாதிரி தந்த எஞ்சிய வேகம் 590, 1058-க்கு 935. பிழை முறையே 4 சதவீதமும் ஒன்றரைச் சதவீதத்துக்குக் குறைவும். மாதிரி சரிபார்க்கப்பட்டது என்று எழுதிவிட்டு, அதே மாதிரியைத் தொழிற்சாலைச் சுவருக்குக் கொண்டுபோனார். பிளக் 20 மி.மீ. ஆழத்துக்குப் பதிந்து திரும்பியது. பின்முகத்தில் மயிரிழை விரிசல்கள் மட்டுமே தெரிந்தன. சுவர் போதுமானது என்பது வரைவு அறிக்கையின் முடிவு.

ஐயம் எழுந்த இடம்

வரைவைப் படித்ததும் நான் செய்தது ஒரு காகிதக் கணக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலச் சோதனைகளிலிருந்து பிறந்து, பின்னர் அணுமின் நிலையக் கட்டடங்களுக்காகத் திருத்தப்பட்ட என்.டி.ஆர்.சி. (அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் குழு) சூத்திரம் இன்றும் கட்டமைப்புப் பொறியாளர்களின் கையிருப்பில் உள்ளது. இந்தப் பிளக்குக்கும் இந்தக் கான்கிரீட்டுக்கும் அதில் எண்களை இட்டால், பதியும் ஆழம் 44 மி.மீ. என்றும், துளைபடாமல் தடுக்க 117 மி.மீ. கனம் வேண்டும் என்றும், பின்முகக் கான்கிரீட் பெயர்ந்து விழாமல் தடுக்க 187 மி.மீ. வேண்டும் என்றும் வருகிறது. சுவரோ 150 மி.மீ.

அனுபவச் சூத்திரம் தன் சோதனை எல்லைக்கு வெளியே தவறலாம் என்பது உண்மைதான். ஆனால் பதியும் ஆழத்தில் இரு மடங்குக்கும் மேலான வேறுபாட்டைச் சூத்திரத்தின் பழமை என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அதைவிட என்னை உறுத்தியது, வரைவு அறிக்கை முழுவதும் துளைபடுமா என்ற ஒரே கேள்விக்கே விடை தேடியிருந்தது. பின்னால் நிற்கும் மனிதரைக் கொல்ல பிளக் சுவரைக் கடந்து வரவேண்டியதில்லை. சுவரின் பின்முகம் பெயர்ந்து அவர்மேல் பாய்ந்தாலே போதும். துறையில் ஸ்கேபிங் என்று சொல்லப்படும் இந்தப் பெயர்வுதான் இங்கு முதல் ஆபத்து.

நானும் மாணவியும் வழிகாட்டியும் உட்கார்ந்து பேசி, தொழிற்சாலைக்கு அறிக்கை அனுப்புவதை நிறுத்திவைத்தோம். அன்றே பாதுகாப்புப் பொறியாளரைத் தொலைபேசியில் அழைத்து, முடிவு உறுதியாகும் வரை சுவருக்குப் பின்னால் யாரையும் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். அவர் மறு பேச்சின்றி ஒப்புக்கொண்டு, அழுத்தமானியின் எதிரில் கேமரா வைத்து வேறு அறையிலிருந்து பார்க்க ஏற்பாடு செய்தார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிக மலிவானதும் மிக உருப்படியானதும் இதுவே என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆய்வில் கண்டவை

முதலில் ஹான்சாக் சோதனையின் குறைந்த வேகங்களை அதே மாதிரியில் ஓட்டச் சொன்னேன். 434 மீட்டரில் மோதியது 214-க்குப் பதிலாக 160 மீட்டரில் வெளியேறியது. 381-இலும் 360-இலும் மோதியவை பலகைக்குள்ளேயே நின்றுவிட்டன. சோதனையில் இரண்டும் வெளியேறியவை. 1058-இல் அவ்வளவு துல்லியமாக இருந்த மாதிரி 381-இல் விடையையே மாற்றிச் சொன்னது ஏன் என்று மாணவி திகைத்தார்.

வேகத்தை விட்டுவிட்டு ஆற்றலைப் பார்த்தால் திகைப்பு நீங்கிவிடுகிறது. மோதும்போது இருந்த இயக்க ஆற்றலிலிருந்து வெளியேறும்போது எஞ்சியதைக் கழித்தால், பலகை விழுங்கிய ஆற்றல் கிடைக்கும். சோதனைத் தரவில் அது 360 மீட்டரில் 31.3 கிலோஜூல், 434-இல் 35.6, 749-இல் 45.7, 1058-இல் 55.6. வேகம் மூன்று மடங்கானாலும் பலகை விழுங்குவது இரு மடங்குகூட ஆவதில்லை. ஆனால் எறிபொருள் கொண்டுவரும் ஆற்றல் 32-இலிருந்து 280 கிலோஜூலாக ஏறிவிடுகிறது. ஆகவே 1058 மீட்டரில் கான்கிரீட்டின் தடுப்பை 5 சதவீதம் தவறாகக் கணித்தாலும் எஞ்சிய வேகம் 947-இலிருந்து 941-ஆக மட்டுமே மாறும். 360 மீட்டரில் அதே 5 சதவீதப் பிழை எறிபொருளை முழுதாக நிறுத்திவிடும். முதல் மாதிரி 1058-இல் விழுங்கிய ஆற்றல் 61 கிலோஜூல், அதாவது பத்துச் சதவீதம் மிகை. 749-இல் 16 சதவீதம் மிகை. எஞ்சிய வேகத்தை மட்டும் பார்த்ததால் இந்த மிகை கண்ணில் படவே இல்லை. வெளியிடப்படும் கட்டுரைகள் பலவற்றில் அதிவேகப் புள்ளிகளை மட்டும் பொருத்திக் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பார்த்துப் பழகும் மாணவர் அதையே சரிபார்ப்பு என்று கொள்வது இயல்பு. இதை அவருடைய குறையாக மட்டும் நான் எண்ணவில்லை.

இந்த மிகையும் தொழிற்சாலைச் சுவருக்குக் கிடைத்த தவறான விடையும் எங்கிருந்து வந்தன என்று தேடியபோது மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

முதலாவது, எலிமெண்ட் நீக்கம். எறிபொருளின் முன்னால் நசுங்கும் எலிமெண்டுகள் அளவுமீறிச் சிதைந்தால் கணக்கு நின்றுவிடும் என்பதால், ஒரு குறிப்பிட்ட திரிபை எட்டிய எலிமெண்டை மென்பொருள் அழித்துவிடும். அந்த எல்லை கான்கிரீட்டின் இயல்பு அன்று. கணக்கு ஓடுவதற்காக நாம் வைக்கும் எண். அதைத் தாழ்த்தினால் கான்கிரீட் சீக்கிரம் மறைந்து எறிபொருள் எளிதாகச் செல்லும்; உயர்த்தினால் நொறுங்கிப்போன கான்கிரீட்கூடத் தடுத்துக்கொண்டே நிற்கும். மாணவி 1058 மீட்டர் விடை பொருந்தும் வரை இந்த எண்ணை நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தியிருந்தார். எந்த எண்ணை வைத்தாலும் ஏறக்குறையப் பொருந்திவிடும் வேகத்தில் அதைத் தீர்மானித்ததால், அந்த எண்ணுக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று.

இரண்டாவது, மெஷ். ஹான்சாக் பலகையில் மோதுமிடத்து எலிமெண்டின் பக்கம் 5 மி.மீ.; தொழிற்சாலைச் சுவரில் 12.5 மி.மீ. மடிக்கணினியில் ஒரே இரவில் முடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. கான்கிரீட் வலிமை இழந்து இளகும் பொருள். விரிசல் ஒரு குறுகிய பட்டையில் குவியும். பெரிய எலிமெண்டில் அந்தக் குவிந்த திரிபு சராசரியாகப் பரவிச் சிறிதாகத் தெரியும். நீக்க எல்லையை எட்டாது. ஆகவே கான்கிரீட் உண்மையைவிட உறுதியாக நிற்கும். ஒரு மெஷ்ஷில் பொருத்திய நீக்க எல்லையை வேறொரு மெஷ்ஷுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது பாடத்தில் உள்ளதுதான். விட்டத்துக்கு இத்தனை எலிமெண்ட் என்ற விகிதம் ஏறத்தாழ மாறாததால், மெஷ் மாறவில்லை என்றே மாணவி நம்பியிருந்தார். விரிசல் பட்டையின் அகலம் எறிபொருளின் விட்டத்தோடு வளர்வதில்லை என்பதை அந்த விகிதம் மறைத்துவிட்டது.

மூன்றாவது, மாறிலிகள். 48 மெகாபாஸ்கலுக்கான பட்டியலை எடுத்து, அமுக்க வலிமையை மட்டும் 35 என்று மாற்றியிருந்தார். ஹெச்.ஜே.சி. மாதிரியில் சில மாறிலிகள் அமுக்க வலிமையால் வகுத்து எழுதப்பட்டவை. அவை தாமாகவே சரியாகிவிடும். துளைகள் நசுங்கத் தொடங்கும் அழுத்தம் அப்படியன்று. அது அமுக்க வலிமையில் மூன்றில் ஒரு பங்கு; 48-க்கு 16 மெகாபாஸ்கல் என்றால் 35-க்கு 12-க்கும் குறைவு. இழுவிசை வலிமையும் 48-க்கு உரிய 4 மெகாபாஸ்கலாகவே நின்றுவிட்டது. பின்முகப் பெயர்வைத் தீர்மானிப்பதில் இழுவிசை வலிமை முன்னிற்கிறது.

இவற்றுக்கெல்லாம் அடியில் மாதிரியின் இயல்பான வரம்பு ஒன்றும் இருந்தது. மோதலின் அமுக்க அலை கான்கிரீட்டில் விநாடிக்கு ஏறத்தாழ 4000 மீட்டர் வேகத்தில் ஓடி, 150 மி.மீ. சுவரின் பின்முகத்தை 40 மைக்ரோவிநாடிக்குள் அடைந்து, அங்கே இழுவிசை அலையாகத் திரும்புகிறது. அமுக்கத்தில் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கே இழுவையில் கான்கிரீட் தாங்கும். அதோடு பிளக்கின் அடியிலிருந்து சாய்வாக விரியும் வெட்டு விரிசல்கள் கூம்பு வடிவத்தில் பின்முகத்தைத் தள்ளுகின்றன. ஹெச்.ஜே.சி. மாதிரி எறிபொருளின் முன்னுள்ள பேரழுத்தப் பகுதியை நன்றாகச் சொல்லும். இழுவையைப் பொறுத்தவரை ஓர் உச்ச வரம்பை வைத்து வெட்டுவதோடு நின்றுவிடும், விரிசல் விரிய விரிய வலிமை குறைவதைத் தனியாகப் பின்தொடராது. ஆழம் கேட்க வேண்டிய மாதிரியிடம் நாங்கள் பெயர்வைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஹெச்.ஜே.சி. மாதிரியைக் கைவிடாமல், ஆழத்தைக் கணிக்க மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஹான்சாக் பலகையை 2.5 மி.மீ. மெஷ்ஷில் மீண்டும் அமைத்து, நீக்க எல்லையை 360, 381, 434 மீட்டர் புள்ளிகளில் தீர்மானித்து, உயர் வேகங்களைப் பொருத்துவதற்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவைத்து, இறுதியில் சோதித்துப் பார்த்தோம். எஞ்சிய வேகங்கள் முறையே 49, 112, 205 என்றும், ஒதுக்கிவைத்த 1058-க்கு 951 என்றும் வந்தன. விழுங்கிய ஆற்றலில் பிழை எங்கும் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை.

பின்முகத்தைக் கணிக்க, அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காகச் சாலையோரத் தடுப்புகளில் வாகனம் மோதுவதை ஆராய உருவாக்கப்பட்ட சி.எஸ்.சி.எம். மாதிரியைத் தேர்ந்தோம். அதில் வலிமை இழப்பு முறிவு ஆற்றலோடு (விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றலோடு) பிணைக்கப்பட்டிருப்பதால் மெஷ்ஷின் தாக்கம் குறைவு. எங்கள் வேகம் வாகன மோதலைவிட மிகுதி என்றாலும், 35 மெகாபாஸ்கல் வலிமை அது உருவாக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தது. சுவரின் நடுப்பகுதிக்கு 3 மி.மீ. மெஷ் வைத்தோம். சுவரின் கால்பகுதியை மட்டும் மாதிரியாக்கியதால் அந்த நடுப்பகுதியில் ஏறத்தாழ 1,25,000 எலிமெண்டுகளே வந்தன. மடிக்கணினி தாங்காது என்ற பழைய அச்சம் ஆதாரமற்றது என்பது அப்போது தெரிந்தது.

இரண்டு மாதிரிகளையும் என்.டி.ஆர்.சி. கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவு சொல்வது, எதையும் தனியாக நம்புவதில்லை என்பது அடுத்த முடிவு. அதோடு, இந்த வேகத்திலும் இந்தத் தட்டை முகத்திலும் சொந்தச் சோதனை இல்லாமல் மனிதர் நிற்கும் இடத்துக்குச் சான்று தர முடியாது என்று வழிகாட்டி உறுதியாகச் சொன்னார். ஹான்சாக் சோதனை கூர்மூக்கும் அதிவேகமும் கொண்டது. அதிலிருந்து தட்டை பிளக்குக்கும் 120 மீட்டருக்கும் தாவுவதை எந்தப் பொருத்தமும் நியாயப்படுத்தாது. அவர் சொன்னது சரி. செலவைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது.

பலகைச் சோதனை

அதே கலவையில், அதே கம்பி அமைப்பில், ஒரு மீட்டர் சதுரமும் 150 மி.மீ. கனமும் கொண்ட இரண்டு பலகைகள் வார்த்து, 28 நாள் நீரிட்டு முற்றவைத்து, வாயுத் துப்பாக்கி வசதியுள்ள ஓர் ஆய்வகத்தில் சோதித்தோம். சோதனைக்கு முன் கணிப்புகளை எழுதி உறையிலிட்டு ஒட்டினோம். விடை தெரிந்த பின் மாறிலியைத் திருத்தும் ஆசை எல்லோருக்கும் உண்டு.

முதல் பலகையில் பிளக் விநாடிக்கு 118 மீட்டரில் மோதியது. துளைபடவில்லை, 41 மி.மீ. பதிந்தது. ஆனால் பின்முகத்தில் நாற்பது செ.மீ. அகலத்துக்குக் கான்கிரீட் பெயர்ந்து, கம்பிகள் வெளித்தெரிய, துண்டுகள் பின்னிருந்த மரப்பலகைமேல் பாய்ந்திருந்தன. மிகப் பெரிய துண்டின் எடை ஒரு கிலோவுக்கு மேல். அந்த மரப்பலகை சுவரிலிருந்து ஒரு மீட்டரில், தொழிலாளர்கள் வழக்கமாக நிற்கும் தூரத்தில் வைக்கப்பட்டிருந்தது. மாணவி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் எதுவும் பேசவில்லை.

இரண்டாவது பலகையில் 92 மீட்டரில் மோதியது. பின்முகம் வட்டமாக உப்பி விரிசல் விட்டது, பெயரவில்லை.

உறைகளைப் பிரித்தோம். திருத்திய ஹெச்.ஜே.சி. மாதிரி முதல் பலகையின் ஆழத்தை 38 மி.மீ. என்று சொல்லியிருந்தது, பின்முகத்தில் விரிசல்களையே காட்டியது, பெயர்வைக் காட்டவில்லை. சி.எஸ்.சி.எம். ஆழத்தை 31 மி.மீ. என்று குறைத்துச் சொன்னாலும் பெயர்வையும் அதன் அகலத்தையும் ஏறத்தாழச் சரியாகச் சொல்லியிருந்தது. 92 மீட்டரிலும் பெயரும் என்று அது கணித்தது தவறு. எனினும் பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த தவறு. என்.டி.ஆர்.சி. சூத்திரம் முதல் பலகையின் இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடையும், இரண்டாவதற்குச் சி.எஸ்.சி.எம். செய்த அதே மிகையும் தந்தது.

பின்னர் நடந்தது

தொழிற்சாலைக்கு அனுப்பிய இறுதி அறிக்கை, இருக்கும் சுவர் பிளக்கைத் தடுக்கும், ஆனால் பின்னால் நிற்பவரைக் காக்காது என்று முதல் பத்தியிலேயே சொன்னது. பழைய சுவரை இடித்து, 300 மி.மீ. கனத்தில் புதிய சுவர் எழுப்பினார்கள். பெயர்வைத் தடுக்கத் தேவை என்று சூத்திரம் சொன்ன கனத்தைப்போல அது 1.6 மடங்கு. பின்முகத்தில் 6 மி.மீ. எஃகுத் தகட்டை நங்கூரக் கம்பிகளால் இறுக்கினார்கள். கேமரா ஏற்பாடு தற்காலிகமாக வந்தது. சுவர் எழுந்த பிறகும் அதை எடுக்கவில்லை. தகட்டோடு கூடிய புதிய சுவர் சோதிக்கப்படவில்லை, இதுவரை அதன்மேல் எதுவும் மோதவும் இல்லை. அதன் பாதுகாப்பு குறித்து நாங்கள் சொல்வது கணக்கும் பலகைச் சோதனையும் சேர்ந்த மதிப்பீடு மட்டுமே என்பதை அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

மாற்றிச் செய்யவேண்டியவை

மறுபடி இத்தகைய பணி வந்தால், மாதிரியைத் தொடுமுன் யார் எங்கே நிற்கிறார், அவரை எது காயப்படுத்தும் என்று எழுதிக்கொள்வேன். துளைப்பா பெயர்வா என்ற கேள்வி தெளிந்திருந்தால், எந்தப் பொருள் மாதிரி என்ற தேர்வே வேறாக இருந்திருக்கும். காகிதச் சூத்திரக் கணக்கு என் கையில் வரும்வரை காத்திருக்காமல் முதல் நாளே மாணவியால் செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும், அதைக் கேட்காதது வழிகாட்டியின் தவறு என்று அவரே சொன்னார்.

கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே வழுக்கலே இல்லை என்று நாங்கள் இரு மாதிரிகளிலும் வைத்த எடுகோள் இன்னும் சோதிக்கப்படாமல் இருக்கிறது. 92 மீட்டரில் சி.எஸ்.சி.எம். பெயர்வை மிகைப்படுத்தியதற்கு அதுவும் காரணமா, எலிமெண்டை முந்தி நீக்கியது காரணமா என்று மாணவி இப்போது பிரித்துப் பார்த்துவருகிறார். அவருடைய புதிய அட்டவணைகளில் எஞ்சிய வேகத்துக்கு முந்திய நெடுவரிசை, பலகை விழுங்கிய ஆற்றல்.